லுக்ரீசியஸும் கழன்று விழுந்த நான்கு ஏடுகளும்

2011ஆம் ஆண்டு என் மகள் கும்னாசியத்தில் ஆறாம் வகுப்புக்குப் போனபோது வீட்டுக்கு ஒரு படிவம் வந்தது. இரண்டாம் அயல்மொழியாகப் பிரெஞ்சா, இலத்தீனா என்று பெற்றோர் குறியிட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். ஜேர்மனியில் பிள்ளை வளர்த்த தமிழர்களுக்கு இந்தப் படிவம் பழக்கமானதுதான். மருத்துவம் படிக்க இலத்தீன் வேண்டும் என்று எங்களவர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. அது கட்டாயமில்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது. நானும் அந்த நம்பிக்கையில் இலத்தீனுக்குக் குறியிட்டேன். மகள் மருத்துவம் படிக்கவில்லை. இலத்தீன் பித்து எனக்குப் பிடித்துக்கொண்டது.

மகள் சொற்களை மனனம் செய்வாள். நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பேன். சில மாதங்களில் கேட்டவனுக்கே பாடமாகிவிட்டது. சீசரின் போர்க்குறிப்புகள், பிறகு ஓவிட். பள்ளி முடிந்ததும் அவள் விட்டுவிட்டாள், நான் விடவில்லை. வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு, பொன் நகரப் பல்கலைக்கழகத்தில் (தங்கத்துக்கும் இந்த ஊர்ப் பெயருக்கும் தொடர்பில்லை) வாரத்துக்கு ஒருநாள் பின்வரிசையில் போய் உட்காரத் தொடங்கினேன். 'காஸ்த்ஹோரர்' என்று இதற்கு இங்கே பெயர். பரீட்சை இல்லை, பட்டம் இல்லை, வந்து கேட்கலாம். ஓய்வுபெற்ற ஜேர்மன் முதியவர்கள் பலர் இப்படி வருவார்கள். அந்தப் பருவத்தில் எடுத்துக்கொண்ட பாடம் லுக்ரீசியஸ். ஜேர்மனியர் அவரை லுக்ரேட்ஸ் என்கிறார்கள்.

டீட்டுஸ் லுக்ரீசியஸ் காரூஸ் கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியர். கி.மு. 55 வாக்கில் இறந்திருக்க வேண்டும். வாழ்க்கை வரலாறு என்று சொல்லத்தக்கதாக ஒன்றுமில்லை. காதல் மருந்து கொடுத்ததால் பித்துப்பிடித்து, தெளிந்த இடைவேளைகளில் கவிதை எழுதி, தற்கொலை செய்துகொண்டார் என்று ஒரு கதை இருக்கிறது. அதை எழுதி வைத்தவர் நானூறு ஆண்டுகளுக்குப் பின்வந்த கிறித்தவத் துறவி ஜெரோம். எதிர்க்கட்சிக்காரர் எழுதிய வாழ்க்கைக் குறிப்பை எவ்வளவு நம்பலாம் என்பது தமிழ் வாசகருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவர் விட்டுச்சென்றது ஒரே ஒரு நூல், 'டே ரேரும் நாத்தூரா'. பொருள்களின் இயல்பு பற்றி என்று பொருள். ஆறு காண்டங்கள், ஏறத்தாழ 7,400 அடிகள். கிரேக்க ஞானி எபிக்யூரஸின் கொள்கையை இலத்தீன் கவிதையாக்கியது அது. இல்லாததிலிருந்து எதுவும் தோன்றாது. உள்ளது எதுவும் இல்லாமற் போகாது. உலகில் இருப்பவை பிளக்க முடியாத அணுக்களும் வெற்றிடமும் மட்டுமே. உயிரும் அணுக்களால் ஆனது, உடலோடு கலைந்து போவது. ஆகவே இறந்த பிறகு வருந்துவதற்கு ஆளே இல்லை. இடியும் நிலநடுக்கமும் தேவர்களின் கோபமல்ல, காரணகாரியம்தான். தேவர்கள் இருக்கிறார்கள், ஆனால் எங்கோ தொலைவில் நிம்மதியாக இருக்கிறார்கள். நம்மைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அச்சத்தைப் போக்குவதற்காகவே இவ்வளவு இயற்பியலும். அதை விட்டுவிட்டு இந்நூலை வெறும் விஞ்ஞான முன்னோடியாகப் படிப்பவர்கள் பாதியைத்தான் படிக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் இருப்பதற்கு அவர் காட்டும் சாட்சிகள் எல்லாம் அன்றாட வாழ்விலிருந்து எடுத்தவை. விரலில் கிடக்கும் மோதிரம் ஆண்டுக்காண்டு மெலிகிறது. சொட்டும் நீர் கல்லைக் குழிக்கிறது. ஊர் வாயிலில் நிற்கும் வெண்கலச் சிலைகளின் கை, போகிறவர் வருகிறவர் தொட்டுத் தொட்டுத் தேய்ந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் போனது எவ்வளவு என்று யாராலும் காண முடிவதில்லை, ஆனால் போயிருக்கிறது. இந்தப் பகுதியை வகுப்பில் வாசித்தபோது எனக்கு எங்கள் வீட்டுக் கிணற்றுக்கட்டில் கயிறு உரசி விழுந்திருந்த தடம் ஞாபகம் வந்தது. சிறுவனாக அதில் விரலை வைத்துப் பார்த்திருக்கிறேன். அது யாருடைய காலத்தில் தொடங்கிய தேய்வு என்று அப்பாவுக்கும் தெரியாது.

இரண்டாம் காண்டத்தில் புகழ்பெற்ற ஓரிடம் உண்டு. இருண்ட அறையில் நுழையும் வெயில் கீற்றில் தூசுகள் ஓயாமல் முட்டி மோதி ஆடுகின்றன. கண்ணுக்குப் புலப்படாத அணுக்களின் ஆட்டத்துக்கு அது ஒரு சாடை என்கிறார். நாம் பார்க்கும் தூசின் ஆட்டத்துக்குப் பெரும்பாலும் காற்றோட்டமே காரணம். ஆனால் எண்ணம் சரியான திசையில் போயிருக்கிறது. 1827இல் ரொபர்ட் பிரவுண் நுண்நோக்கியில் கண்ட துகள்களின் நடுக்கத்துக்கு 1905இல் ஐன்ஸ்டைன் தந்த விளக்கம், ஏறத்தாழ இந்தச் சாடையின் கணிதம்தான்.

தவறுகளும் ஏராளம். சூரியன் கண்ணுக்குத் தெரிகிற அளவுதான் இருக்கும் என்கிறார். பூமியின் மறுபக்கத்தில் தலைகீழாக மனிதர்கள் வாழ்கிறார்கள் என்று நம்பியவர்களைக் கேலி செய்கிறார். கேலிக்கு ஆளானவர்கள்தான் சரி. நம் ஊரில் பழைய நூல்களில் நவீன விஞ்ஞானம் முழுவதையும் தேடி எடுப்பவர்கள் உண்டு. லுக்ரீசியஸ் விஷயத்தில் மேற்கிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. தவறுகளை மறைத்துப் புகழ்வது எந்த ஊர்க் கவிஞருக்கும் நல்லதல்ல.

யாப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வகுப்பில் எனக்கு மானம் காத்தது அதுதான். இலத்தீன் அறுசீரடி, நெடில் குறில் கணக்கில் நடப்பது. ஜேர்மன் மாணவர்களின் செவி அழுத்தத்துக்குப் பழகியது. அவர்களுடைய மொழியின் கவிதை அப்படி. ஆகவே எது நெடில் எது குறில் என்று பென்சிலால் கோடு போட்டுப் போட்டுத்தான் படிப்பார்கள். குறிலுக்குப் பின் இரண்டு மெய்கள் வந்தால் அது நெடிலாகக் கணிக்கப்படும் என்ற விதி அவர்களுக்குச் செயற்கையாகப் பட்டது. எனக்கு அதில் வியப்பே இல்லை. தனி நெடில் நேரசை என்றால், குறிலோடு ஒற்று வந்ததும் நேரசைதானே? சொல்லின் ஈற்றுயிர், அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் கெடும் என்ற விதியும் அப்படியே. குற்றியலுகரம் உயிர் வர மறைவதை ஒன்பதாம் வகுப்பில் படித்தவனுக்கு இதில் என்ன புதுமை? இரண்டும் ஒரே யாப்பு என்று சொல்லவில்லை. தமிழின் நிரையசைக்கு அங்கே சரியான இணை கிடையாது. ஆனாலும் வீட்டுக்கு வந்து மகளுக்கு அசை பிரித்துக் காட்டினேன். "அப்பா, இதை நீங்கள் ஆறாம் வகுப்பிலேயே சொல்லித் தந்திருக்கலாமே" என்றாள்.

லுக்ரீசியஸுக்கு இருந்த பெரிய சங்கடம் கலைச்சொல். கிரேக்கத்தில் உள்ளவற்றுக்கு இலத்தீனில் சொல் இல்லை. தாய்மொழியின் வறுமையைப் பற்றி நூலிலேயே முறையிடுகிறார். ஆனாலும் கிரேக்கச் சொல்லைக் கடன் வாங்கவில்லை. அணுக்களைப் பற்றி ஆறு காண்டம் எழுதியவர் 'அத்தோமுஸ்' என்ற சொல்லை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. வித்துகள், முதற்பொருள்கள், தொடக்கங்கள் என்று மொழியில் ஏற்கெனவே புழங்கிய சொற்களுக்குப் புதுப்பொருள் ஏற்றினார். கலைச்சொல்லாக்கம் பற்றி நாம் இணையத்தில் எத்தனை சண்டை போட்டிருக்கிறோம்! அந்தச் சண்டைகளில் யாராவது இவரை இழுத்திருக்கலாம்.

அவர் பயன்படுத்திய சொற்களில் ஒன்று 'எலெமெண்டா'. அதற்கு எழுத்துகள் என்றும் பொருள், அணுக்கள் என்றும் பொருள். சில எழுத்துகளே இடம் மாறிச் சேர்ந்து இத்தனை சொற்களாகின்றன; அதுபோலச் சில வகை அணுக்களே சேர்ந்து இத்தனை பொருள்களாகின்றன என்று பல இடங்களில் சொல்கிறார். விறகு, நெருப்பு இரண்டுக்குமான இலத்தீன் சொற்கள் எழுத்தளவில் நெருங்கியவை. எழுத்து சற்று மாறினால் சொல் மாறுவதுபோல, அணுக்கள் சற்று இடம் மாறினால் விறகு தீயாகிறது. தமிழில் இதைச் சொல்ல வேண்டுமானால் தழையையும் தழலையும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த ஒரு சொல்லின் வரலாற்றை மட்டுமே ஆராய்ந்து 1899இல் ஹெர்மன் டீல்ஸ் ஒரு நூல் எழுதினார். பேர்லின் பேராசிரியர், சோக்ரடீசுக்கு முற்பட்ட கிரேக்க ஞானிகளின் சிதறிய வாக்கியங்களைத் தொகுத்தவர். வகுப்பில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது எனக்குத் திடீரென்று நன்னூல் நினைவுக்கு வந்தது. பவணந்தியார் எழுத்துக்கு இலக்கணம் சொல்லும்போது, அணுக்கள் திரண்டு எழும் ஒலி என்கிறார். பள்ளியில் அதை அர்த்தம் தெரியாமல் ஒப்பித்திருக்கிறேன். சமணர்களுக்கு ஒலியும் அணுத்திரள். லுக்ரீசியஸும் நான்காம் காண்டத்தில் குரல் ஒரு பொருள் என்றே வாதிடுகிறார். உரக்கப் பேசினால் தொண்டை கரகரப்பது அதற்குச் சான்றாம். ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போயிற்று என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. எழுத்தையும் அணுவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியவர்கள் இரண்டு இடத்திலும் இருந்திருக்கிறார்கள்.

டீல்ஸ் தம் கடைசிக் காலத்தில் லுக்ரீசியஸை ஜேர்மன் செய்யுளாக மொழிபெயர்த்தார். 1922இல் அவர் இறந்தார். மூலபாடம் 1923இலும் மொழிபெயர்ப்பு 1924இலும் வெளிவந்தன. மொழிபெயர்ப்புக்கு ஒரு சிறு முன்னுரை எழுதியவர் அல்பர்ட் ஐன்ஸ்டைன். உலகில் நடப்பதெல்லாம் காரணத்தொடர்பு உடையவை, அறியக்கூடியவை என்று அந்தக் கவிஞர் வைத்த நம்பிக்கைதான் ஐன்ஸ்டைனை வியக்க வைத்திருக்கிறது. முன்னுரை எழுதியது 1924 ஜூன். அதே ஜூனில்தான் டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ் என்ற இளம் விரிவுரையாளர் தம் கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் தாமே அதை ஜேர்மனில் மொழிபெயர்த்து வெளியிடச் செய்தார். ஒரே மேசையில் லுக்ரீசியஸும் போஸும் கிடந்திருப்பார்களோ என்று கற்பனை செய்துகொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

ஜேர்மனியில் லுக்ரீசியஸைத் தொட்டவர்களைச் சொல்லப்போனால் பட்டியல் நீளும். கெதேயின் நண்பர் க்னேபெல் பல்லாண்டு உழைத்து 1821இல் ஒரு மொழிபெயர்ப்பு வெளியிட்டார். கார்ல் மார்க்ஸ் 1841இல் யேனா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றது டெமொக்ரிட்டஸ், எபிக்யூரஸ் இருவரின் இயற்கைக் கொள்கை வேறுபாடு பற்றிய ஆய்வேட்டுக்கு. அதில் அவர் லுக்ரீசியஸை மெச்சிப் பேசுகிறார். மார்க்ஸை ஈர்த்தது அணுவின் விலகல். நேராக விழும் அணு எப்போதாவது ஒரு சிறிது விலகுகிறது. அதனால்தான் அணுக்கள் மோதிக்கொள்கின்றன, அதனால்தான் விதியின் சங்கிலி அறுகிறது, உயிர்களுக்குத் தன்னிச்சை வாய்க்கிறது.

விதி என்றதும் மணிமேகலைக்கு வரவேண்டியிருக்கிறது. சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். ஆசீவகவாதி சொல்வது அணுக்கொள்கை. நிலம், நீர், தீ, காற்று, உயிர் என ஐவகை அணுக்கள். அவை புதிதாய்ப் பிறப்பதில்லை, பிளவுபடுவதில்லை. செறிந்தால் வயிரம்போல் உறுதியாகும், மூங்கில்போல் உள்துளையும் படும். லுக்ரீசியஸும் இரண்டாம் காண்டத்தில் இதே கேள்வியை எடுத்து, வயிரத்தின் உறுதிக்குக் காரணம் அணுக்கள் கொக்கிபோல் பின்னிக்கிடப்பதே என்கிறார். ஒற்றுமை இவ்வளவுதான். ஆசீவகருக்கு எல்லாம் ஊழ். நூலுருண்டை பிரிவதுபோல் நடக்க வேண்டியது நடந்தே தீரும். எபிக்யூரஸ் மரபினர் அந்த ஊழிலிருந்து தப்பவே அணுவை விலகச் செய்தார்கள். அணுவைக் கண்ட இரண்டு கூட்டத்தில் ஒன்று அதில் விதியைக் கண்டது, மற்றது விடுதலையைக் கண்டது.

எனக்கு உறைத்தது வேறொரு விஷயம். ஆசீவகரின் மூலநூலை மற்கலி நூல் என்று மணிமேகலை குறிப்பிடுகிறது. அந்த நூல் இல்லை. தமிழகத்து ஆசீவகரைப் பற்றி நாம் அறிவதெல்லாம் பௌத்தக் காப்பியமான மணிமேகலையும் சமணக் காப்பியமான நீலகேசியும் அவர்களை மறுப்பதற்காகச் சொன்னவை. எபிக்யூரஸுக்கும் ஏறத்தாழ இதே கதிதான். இயற்கையைப் பற்றி 37 சுருள்களில் அவர் எழுதிய பெருநூல் அழிந்துவிட்டது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை மூடிய ஹெர்குலேனியம் நகரத்து மாளிகையில் கரியாகிப்போன சுருள்களில் சில துண்டுகள் மட்டும் உண்டு. அந்தக் கரிச்சுருள்களை விரிக்காமலே கணினியால் வாசிக்கும் போட்டியில் பேர்லினில் ஆய்வு செய்த மாணவர் ஒருவர் உட்பட மூவர் 2024 பெப்ரவரியில் பரிசு பெற்றார்கள். அவர்கள் வாசித்ததும் எபிக்யூரஸ் மரபினரின் உரைதான் என்று கருதுகிறார்கள். ஆனால் எபிக்யூரஸின் இயற்பியலை முழுதாக, அவர் பக்கம் நின்று சொல்லும் நீண்ட நூல் என்றால் அது லுக்ரீசியஸின் கவிதை. எபிக்யூரஸுக்கு ஒரு லுக்ரீசியஸ் வாய்த்தார். மற்கலிக்கு வாய்க்கவில்லை, அல்லது வாய்த்தவரின் ஏடும் போய்விட்டது.

லுக்ரீசியஸும் மயிரிழையில்தான் தப்பினார். 1417 தொடக்கத்தில் இத்தாலியர் போஜியோ ஒரு ஜேர்மன் மடத்தில் இந்நூலின் கையெழுத்துப்படி ஒன்றைக் கண்டு பிரதி எடுக்கச் செய்தார். அப்போது கொன்ஸ்டான்ஸ் நகரில் திருச்சபைப் பெருமன்றம் கூடியிருந்தது. போப்பின் பணியாளராக வந்தவருக்கு வேலை போயிருந்தது, பழஞ்சுவடி தேடி அலைந்தார். மடத்தின் பெயரை அவர் சொல்லவில்லை, ஃபுல்டா என்று பலர் எண்ணுகிறார்கள். இந்தக் கண்டெடுப்பிலிருந்துதான் நவீன உலகமே பிறந்தது என்பதுபோல ஸ்டீபன் கிரீன்பிளாட் 2011இல் ஒரு நூல் எழுதிப் புலிட்சர் பரிசும் பெற்றார். வாசிக்கச் சுவையான நூல், சற்று மிகை.

போஜியோ கண்ட படி இப்போது இல்லை. ஆனால் ஒன்பதாம் நூற்றாண்டுத் தோல்சுவடிகள் இரண்டு இருக்கின்றன. வடிவத்தை வைத்து ஒன்றை 'நீளம்', மற்றதைச் 'சதுரம்' என்று அழைக்கிறார்கள். நீளம் ஒருகாலத்தில் மைன்ஸ் பேராலயத்தில் இருந்தது. அதைத் திருத்தியவர் டுங்கல் என்ற அயர்லாந்துத் துறவி என்று அவரது கையெழுத்தை வைத்தே மியூனிக் அறிஞர் பேர்ன்ஹார்ட் பிஷோஃப் கண்டுபிடித்தார். இரண்டும் 1690 முதல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. இன்னொரு சுவடியின் சிதறிய ஏடுகள் கோப்பன்ஹேகனிலும் வியன்னாவிலும் உண்டு. நம் பனையோலை சில நூற்றாண்டுகள் தாங்கினாலே பெரிது. தோல் ஆயிரத்து இருநூறு ஆண்டு தாங்கியிருக்கிறது.

இந்தச் சதுரச் சுவடியில் ஒரு விசித்திரம். நூலின் வெவ்வேறு இடங்களிலிருந்து நான்கு பகுதிகள் தத்தம் இடத்தில் இல்லாமல், எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் எழுதப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ 52 அடி. நீளச் சுவடியில் அவை உரிய இடத்திலேயே உள்ளன. பேர்லின் பேராசிரியர் கார்ல் லாக்மன் 1850இல் வெளியிட்ட பதிப்பில் இதை விளக்கினார். எல்லாச் சுவடிகளுக்கும் தாயான ஒரு படி இருந்தது. அதில் பக்கத்துக்கு 26 அடி, ஆகவே ஏடு ஒன்றுக்கு 52. முதல் பிரதி எடுத்த பிறகு அந்தத் தாய்ப்படியில் நான்கு ஏடுகள் கழன்று விழுந்தன. யாரோ பொறுக்கிக் கடைசியில் செருகினார்கள். அடுத்துப் பிரதி எடுத்தவர் கிடந்தபடியே எழுதினார். இப்படிக் கணக்கிட்டு, கண்ணால் கண்டிராத அந்தப் படிக்கு 302 பக்கங்கள் என்றும் லாக்மன் சொன்னார். அவருடைய முடிவுகள் சிலவற்றைப் பின்வந்தவர்கள் திருத்தியிருக்கிறார்கள். ஆனாலும் அழிந்த ஒரு புத்தகத்தின் பக்க அளவை அதன் காயங்களிலிருந்தே அளந்தார்களே! வகுப்பில் இதைக் கேட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சுவடிகளின் பொதுப்பிழைகளை வைத்து வமிசாவளி வரையும் இந்த முறைக்கு லாக்மன் முறை என்று பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் லுக்ரீசியஸ் சுவடிகளின் உறவை லாக்மனுக்கு மூன்றாண்டு முன்பே, 1847இல், ஒரு கட்டுரையில் தெளிவுபடுத்தியவர் யாக்கோப் பேர்னைஸ். ஹம்பேர்க் தலைமை ரபியின் மகன். பொன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். ஞானஸ்நானம் பெற மறுத்த யூதர் என்பதால் பிரஷ்யாவில் முழுப் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. பிரெஸ்லாவின் யூதக் கல்லூரியில் கற்பித்துவிட்டு, 1866இல் பொன்னுக்கே நூலகத் தலைவராகத் திரும்பினார். (அவருடைய அண்ணன் தம்பி வழி மகள் மார்த்தாவைத்தான் சிக்மண்ட் ஃபிராய்ட் மணந்தார்.) 1963இல் இத்தாலிய அறிஞர் திம்பனாரோ லாக்மன் முறையின் பிறப்பை ஆராய்ந்து நூல் எழுதிய பிறகு பேர்னைஸுக்குரிய பங்கு பரவலாகத் தெரிந்தது. பெயர் மட்டும் இன்னும் லாக்மன் முறைதான்.

பொதுப்பிழை என்ற அந்த ஒரு கருத்தோடு நம் சங்க நூல்களைப் பார்த்தேன். பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. உ.வே. சாமிநாதையர் 1904இல் பதிப்பித்தபோதும் இல்லை, அதன்பிறகும் முழுதாகக் கிடைக்கவில்லை. ஒரு சுவடியில் இல்லாவிட்டால் விபத்து. எல்லாச் சுவடியிலும் அதே இரண்டும் இல்லையென்றால், அவை யாவும் தலையும் காலும் உதிர்ந்த ஒரே தாய்ச்சுவடியின் பிள்ளைகளாக இருக்க வேண்டும். கட்டில் முதல் ஏடுகளும் கடைசி ஏடுகளும்தானே முதலில் தேயும்? புறநானூற்றில் 267, 268 இல்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை. அடுத்தடுத்த பாட்டுகள். ஓர் ஏடு கழன்றதோ? இது என் ஊகம் மட்டுமே.

இங்கே ஊர்க்கதை ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. கலித்தொகையையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1880களில் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளை எங்கள் சிறுப்பிட்டிக்காரர். தொட்டால் உதிரும் ஏடுகளோடு அவர் பட்ட பாட்டை அவருடைய பதிப்புரைகளில் படிக்கலாம். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் அந்தப் பதிப்புகளை மேசையில் வைத்துப் புரட்டியபோது எனக்குப் பதினைந்து வயது; விளங்கியது கொஞ்சம். 1981 ஜூன் முதலாம் திகதி விடியும்போது அந்த நூலகம் எரிந்துகொண்டிருந்தது. 97,000 நூல்கள் என்பார்கள். அச்சு நூலுக்கு வேறெங்காவது இன்னொரு படி இருக்கும். ஓலைக்கு அப்படிச் சொல்ல முடியாது. அவற்றில் எந்த ஏட்டில் எது இருந்தது என்று எந்த லாக்மனும் எண்ணிச் சொல்ல முடியாது. காயத்தை அளக்கப் பிள்ளைச் சுவடி ஒன்றாவது மிஞ்சியிருக்க வேண்டும்.

பேர்னைஸ் பிறந்த ஹம்பேர்க்கில் இன்று சங்க இலக்கியச் சுவடிகளை ஆராய்கிறார்கள். நற்றிணை (2008), குறுந்தொகை (2010) ஆகியவற்றுக்குச் சுவடிகளை ஒப்பிட்டுத் திறனாய்வுப் பதிப்பு கொண்டுவந்த ஏவா வில்டன் அங்கேதான் பேராசிரியராக வந்து சேர்ந்தார். லுக்ரீசியஸுக்கும் வேலை முடிந்துவிடவில்லை. லைப்சிக் பேராசிரியர் மார்க்குஸ் டொய்ஃபெர்ட்டின் புதிய பதிப்பு 2019இல் வந்தது. படிக்க விரும்புகிறவர்களுக்கு அது வேண்டாம், பயமுறுத்தும். ரெக்லாம் பதிப்பகத்தின் இருமொழிச் சிறுநூல் போதும்; கார்ல் பூக்னர் 1973இல் செய்தது. ஜேர்மன் உரைநடையே போதுமென்றால் கிளவுஸ் பிண்டரின் 2014 மொழிபெயர்ப்பு. முதற்காண்டத்திலிருந்து தொடங்காமல், மனித நாகரிகம் வளர்ந்த கதையைச் சொல்லும் ஐந்தாம் காண்டத்தின் பிற்பகுதியிலிருந்து தொடங்குங்கள் என்பது என் யோசனை.

புறநானூற்றுக் கணக்கை நான் விடவில்லை. ஓலையில் அடி பிரித்து எழுதமாட்டார்கள், உரைநடைபோல் ஓடும், புள்ளியும் இராது. ஆகவே லாக்மனைப்போல் அடிகளை எண்ண முடியாது, எழுத்துகளை எண்ண வேண்டும். முதலில் கையால் எண்ணினேன். மகள் பார்த்துப் பரிதாபப்பட்டு, புள்ளியை நீக்கி எண்ணும் சிறு நிரல் ஒன்றை எழுதித் தந்தாள். இப்போது ஞாயிறுகளில் இருவருமாக உட்கார்கிறோம். ஓர் ஏட்டுக்கு இத்தனை எழுத்து என்று ஓர் எண்ணை வைத்து 266ஆம் பாட்டு வரை வருகிறோம். இடையில் சிதைந்த பாட்டுகள் குறுக்கே நிற்கின்றன. "அப்பா, உங்கட கணக்கு எங்கேயோ உதைக்குது" என்கிறாள். இன்னும் உதைத்துக்கொண்டுதான் இருக்கிறது.